தேமல் இல்லாத குச்சி தேடிப் போன நாலு நாள்

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைசியாக ஒரு முழுப் பக்கம் எழுதியது ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கேட்டுக் கொடுத்த மனுவாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் மகளிர் குழுவில், "போய் வந்ததை எழுந்து நின்னு சொல்லு" என்றார்கள். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று தப்பித்துவிட்டேன். விவசாயம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைக்க வேண்டாம். நான் செய்த தப்பையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். செம்மண், ஒரு ஏக்கர், ஒரு ஆழ்குழாய். போன வருடம் அதில் முதன்முதலாக மரவள்ளி நட்டோம். வியாபாரி ஒருவர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய குச்சி பார்க்க நன்றாகத் தடிமனாக இருந்தது. முளைத்த பிறகுதான் தெரிந்தது. இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, சுருட்டிக்கொண்டு நின்றது. தேமல் நோய் என்றார்கள். பத்து மாதம் கழித்துத் தோண்டினால் கிழங்கு விரல் கனம்தான்.

என் வீட்டுக்காரர் வெறுத்துப்போனார். செங்கல் சூளைக்காரர் வந்து, "மேல்மண்ணை நாலு அடி எடுத்துக்கிறேன்" என்று கேட்டபோது சரி என்று தலையாட்டிவிட்டார். நாலு அடி போனால் அதற்குக் கீழே எங்கள் ஊரில் சரளைதான். என் ஆயுசுக்கும் அதில் ஒன்றும் விளையாது. "இன்னும் ஒரு போகம் கொடுங்க" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பொக்லைன் வருது. அதுக்குள்ள நீ நட்டிருந்தா அவரை வேண்டாம்னு சொல்றேன். தரிசாக் கிடந்தா எடுக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று, வரிசையாக மண்மேடு அணைத்துப் பார் பிடித்து, தண்ணீர் கட்டி, நிலத்தைத் தயாராக வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை முதல் பஸ் ஏறினேன். மரவள்ளி என்றால் நாமக்கல், சேலம் பக்கம்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

திருச்சியைத் தாண்டி வெகுதூரம் வாழையாகவே வந்தது. பிறகு நிலம் சிவந்துகொண்டே போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து காடுகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மக்காச்சோளம் சில இடத்தில் முழங்கால் உயரம், சில இடத்தில் இப்போதுதான் ரெண்டு இலை. காய்ந்த பருத்திச் செடி மாரைப் பிடுங்கி வரப்பில் அடுக்கியிருந்தார்கள். எள்ளு விதைத்த காட்டில் ஒருவர் மாட்டைக் கட்டிப் பலகை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பங்குனி என்றால் ஆட்டுக்குப் பட்டி போட்டுவிட்டுச் சும்மா இருப்போம். இங்கே சும்மா கிடந்த நிலம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. நாமக்கல் நெருங்க நெருங்கக் கோழி எரு வாடை. பஸ்ஸில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை.

நாமக்கல்லில் முட்டை தோசை சாப்பிட்டேன். தோசை தெரியாத அளவுக்கு முட்டை. சேந்தமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் மரவள்ளிக் காடு தெரிந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கண்டக்டரைக் கூப்பிட வாய் வரவில்லை. அவர் முன்பக்கம் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ரெண்டு நிறுத்தம் தாண்டி, வேறு யாரோ இறங்கியபோது கூடவே இறங்கினேன். வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தேன்.

நடந்ததில் காட்டைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. நிலக்கடலை பூவிட்டு விழுது இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன வெங்காயம் பிடுங்கித் தாளோடு காயப்போட்டிருந்தார்கள். மரவள்ளியைப் புதிதாக நட்ட காடுகளும் இருந்தன. பாரின் மேலே சாண் குச்சி நேராக நிற்கிறது, பாரின் ரெண்டு பக்கமும் வெங்காயம். குச்சி தழைத்து நிழல் கட்டுவதற்குள் வெங்காயம் வெளியே போய்விடுமாம். எங்கள் ஊரில் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

ஒரு புளியமரத்தடியில் அம்பாரமாக மரவள்ளிக் குச்சி. பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். அவர் பெயர் குப்புசாமி. பத்து நிமிடம் தயங்கித்தான் பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க, குச்சி வேணுமுங்களா? அள்ளிக்கிட்டுப் போங்க. இதையெல்லாம் எரிக்கறதுக்கு ஆளு தேடிக்கிட்டிருக்கறனுங்க" என்றார்.

"இதுல தேமல் இல்லாத குச்சியா பாத்து..."

"அதெப்படிங்க சொல்றது? எலையெல்லாம் கொட்டிப்போச்சுங்களே. மொட்டத் தலையப் பாத்து, இதுல இருந்தது கறுத்த மசுரா நரைச்ச மசுரான்னு கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் நாங்கள் ஏமாந்தது எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. குச்சியின் கனத்தைப் பார்த்து வாங்கினோம். நோய் குச்சியில் தெரியாது, இலையில்தான் தெரியும். இலையோடு நிற்கிற காடு வேண்டும். பங்குனியில் முக்கால்வாசிக் காடு கிழங்கு எடுத்து முடிந்திருந்தது.

அவர் வீட்டம்மா வந்தார். விவரத்தைக் கேட்டதும், "இந்த வெயில்ல எதுக்குங்க அலையறீங்க? இன்னிக்கு எங்க ஊட்டுல தங்குங்க. தம்மம்பட்டிப் பக்கம் எங்க சித்தப்பா மக செல்வராணி இருக்கறா. அவ காடு இன்னும் எடுக்கல. குச்சி பாத்து எடுக்கறதுல அவளாட்ட ஆளு கெடையாது" என்றார். பொழுதோடு அரிசியும் பருப்பும் போட்டு வடித்த சோற்றில் நெய் விட்டுக் கொடுத்தார். குழம்பே இல்லாமல் ஒரு சோறு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை போடவந்தபோது வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் அதையும் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ராசிபுரம் போய் அங்கிருந்து தம்மம்பட்டி பஸ். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் வெட்டி முடித்த காடுகள் காலியாகக் கிடந்தன. களத்தில் வேகவைத்த மஞ்சளைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி வேப்பமரத்து நிழலில் நின்றோம். கூட வந்த ஒரு வயசான அம்மா, பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளையை, "சாமி, ரோட்டுக்குப் போகாத" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் இப்படி நெழலுக்கு வா சாமி" என்றார். எங்கள் ஊரில் சாமி என்றால் கும்பிடுகிற சாமிதான். யாரைச் சொல்கிறார் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போனேன்.

ரெண்டு பேர் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "போர் போட வந்த ரிக்கு வண்டி ரெண்டு நாளா நிக்குதுங்க. ஓட்ட ஓட்டப் பொகையாத்தான் வருது" என்றார் ஒருவர். "அப்ப கெழங்கு போடாதீங்க. பொகையில போடுங்க" என்றார் மற்றவர். நின்றிருந்த எல்லாரும் சிரித்தார்கள். முதலில் பேசியவரும் சிரித்தார், ஆனால் உடனே முகம் வாடிவிட்டது.

தம்மம்பட்டியில் ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. பேச்சு அங்கே மாறிவிடுகிறது, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' வருவதில்லை. ஊருக்கு வெளியே செல்வராணியின் காட்டைக் கண்டுபிடித்தபோது மூன்று மணி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். மரவள்ளி தலைக்கு மேலே நின்றது. கீழ் இலை கொட்டியிருந்தாலும் நுனியில் இலை இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குப்புசாமி வீட்டம்மா அனுப்பியதைச் சொல்லிக் குச்சி கேட்டேன்.

"அவ அனுப்பினாளா? அவளுக்கென்ன, ஊருல இருக்கறவங்கள எல்லாம் அனுப்புவா" என்றார் செல்வராணி. "நாளைக்குக் கெழங்கு எடுக்கறேன். ஜவ்வரிசி மில்லுக்கு லாரி வருது. எனக்கே ஒரு ஏக்கரா நடணும். என் நடவுக்குப் போவ மிச்சம் இருந்தா பாக்கலாம். சொல்ல முடியாது."

"ஆள் போதுமா?" என்று கேட்டேன்.

"எங்க போதும்? நாலு பேரு வரேன்னாங்க. ரெண்டு பேருதான் வராங்க."

"நானும் எடுக்குறேன்."

என் கையைப் பார்த்தார். காய்ப்பு இருந்ததைப் பார்த்திருப்பார். "வெடியக்கால வந்துரு" என்றார். அன்று அவர் வீட்டில் அவித்த மரவள்ளியும் மிளகாய்ச் சட்னியும். கிழங்கு மாவாக வெந்து வாயில் கரைந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் காட்டில் இறங்கினோம். செல்வராணியும் கூலிக்கு வந்த ரெண்டு பெண்களும் கிழக்கு ஓரத்தில் கிழங்கு பிடுங்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தண்டை வெட்டிப்போடும் வேலை. தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டி, தண்டைக் குவியலாகப் போட வேண்டும். அந்த அடிக்கட்டையைப் பிடித்து அசைத்துத்தான் கிழங்கைப் பிடுங்குவார்கள்.

வெட்டப் போனால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடிகளில் இடுப்பு உயரத்தில் பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் பலா நிறையக் காய்த்தால் கண்ணு படக் கூடாது என்று துணி கட்டுவோம். அதுபோலத்தான் என்று நினைத்தேன். காய்ப்பு முடிந்தால் அந்தத் துணியை அவிழ்த்துவிடுவது எங்கள் வழக்கம், வெட்டிப்போடும் செடியில் விடமாட்டோம். கேட்டுவிடலாமா என்று ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் தூரத்தில் வேலையாக இருந்தார்கள். காட்டுக்கே கேட்கிற மாதிரி கத்திக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு துணியாக அவிழ்த்து வரப்பில் போட்டுவிட்டு, எல்லாத் தண்டையும் ஒரே குவியலாகப் போட்டேன். வேகமாக வெட்டுவேன். எட்டரை மணிக்குள் கால் காடு முடிந்துவிட்டது.

செல்வராணி தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் வரப்பில் கிடந்த துணிகளைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரு இதெல்லாம் அவுத்தது?"

பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி, "நாங்க இந்தப் பக்கமே வரலக்கா" என்றாள். "காத்துல அவுந்திருக்குமோ?" என்றாள் மற்றவள்.

காற்று என்றே விட்டிருக்கலாம். "நான்தான் அவுத்தேன்" என்றேன். "கண்ணு படாம இருக்கக் கட்டினதுன்னு நெனச்சேன்."

"கண்ணா? எந்தக் கண்ணுக்கா?" செல்வராணி குடத்தைக் கீழே வைத்தார். "ஐப்பசி மழையில ஒவ்வொரு எலையா திருப்பிப் பாத்து, தேமல் இல்லாத செடிக்கு மட்டும் கட்டினேன். அப்பதான் அது நல்லாத் தெரியும். வெயில் வந்துட்டா நோவு ஒளிஞ்சிக்கும். இந்தத் துணிதான் எனக்கு அடுத்த வருசத்துக் காடு. எதுக்குன்னு கேக்க வாயில்லையா உனக்கு?"

"கூச்சமா இருந்துச்சு."

"உன் கூச்சம் என் ஒரு வருசத்தத் தின்னுடுச்சே."

குவியலைப் பார்த்தேன். வெட்டி ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நுனி இலை இன்னும் வாடவில்லை, ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மல்லிகை, கனகாம்பரம் பறித்தால் ஈரச் சாக்கைப் போட்டுத்தான் மூட்டையை டவுனுக்கு அனுப்புவோம். ஓடிப்போய்க் கிழங்குக்கு வைத்திருந்த சாக்குகளை வாய்க்காலில் முக்கி எடுத்துவந்து, குவியலின் நுனிப்பக்கம் முழுவதும் மூடினேன். யாரையும் கேட்கவில்லை.

"இலை வாடுறதுக்குள்ள பிரிச்சிரலாம். எப்படிப் பாக்குறதுன்னு சொல்லு. நான் பாக்குறேன்" என்றேன்.

செல்வராணி சாக்கைத் தூக்கி உள்ளே இலையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்தார். "எலையில விரலு விரலா இருக்குதில்ல, ஒவ்வொரு விரலும் நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே அகலமா இருக்கணும். ஒரு பக்கம் சூம்பியிருந்தா நோவு. பச்சையில திட்டு இருந்தா நோவு. சந்தேகமா இருந்தா அதுவும் நோவுதான். கனமான குச்சின்னு பாவம் பாக்காத."

ஈரச் சாக்குக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். முதல் பத்துக் குச்சியை அவரிடம் காட்டிக் காட்டிப் போட்டேன். பிறகு காட்டவில்லை. கிழங்கு பிடுங்கிய பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். "ஏக்கா, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கமாட்டாங்க" என்றாள் ஒருத்தி. "அங்க சந்தேகம்னு தூக்கிப்போட முடியுமா?" என்றாள் மற்றவள். செல்வராணிகூடச் சிரித்துவிட்டார். சாக்கு காயக் காய முக்கிவந்து போட்டோம். பன்னிரண்டு மணிக்கு இலை துவண்டுவிட்டது. அதற்குள் பார்க்க முடியாதவை, சந்தேகமானவை எல்லாம் எரிக்கப் போயின. நன்றாக இருக்கிறது என்று நம்பக்கூடியவை பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறின.

மத்தியானம் கம்பஞ்சோறு கரைத்துக் குடிக்கும்போது நானே பேச்சை எடுத்தேன். "நான் கலந்ததை நான் கொண்டுபோறேன். துணி இருக்குற முக்கால் காட்டுக் குச்சியை நீ வெச்சுக்க."

"அதுல நோவு மிச்சம் இருக்கும். வெயில்ல பாத்தது."

"முளைச்சதும் தினமும் பாத்துப் பிடுங்கிப் போடுறேன். இப்பத்தான் பாக்கத் தெரியுமே."

"எனக்கும் குச்சி பத்தாது போலத்தான் இருக்குது" என்றார். ஆனாலும் சரி என்று தலையாட்டினார். சாயங்காலம் வரை மிச்சக் காட்டை வெட்டினோம். துணி கட்டியதைத் தனியாக, கட்டாததைத் தனியாகப் போட்டேன். மில் லாரி கிழங்கை ஏற்றிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை காலை குச்சிகளைக் கட்டுக் கட்டினோம். பன்னிரண்டு கட்டு. செல்வராணி தன் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி, துணியோடு, பதிமூன்றாவதாகக் கட்டினார். "இத ஓரமா தனியா நடு. அடுத்த வருசம் வெதைக்கு இதுலருந்து எடு. நீயும் ஐப்பசியில துணி கட்டு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை கட்டுகளை எந்தக் கண்டக்டரும் பஸ்ஸில் ஏற்றமாட்டார். பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து புதுக்கோட்டைக்கு எரு லாரி போகிறது என்று செல்வராணி விசாரித்து வைத்திருந்தார். டிரைவர் ராசிபுரத்துக்காரர்.

"ஏனுங்க, எருவுக்கு மேல குச்சியப் போட்டா வெந்து போகுமுங்க" என்றார்.

"தார்ப்பாய்க்கு மேல காலிச் சாக்கைப் போட்டு, அதுமேல வைங்க. ஈரச் சாக்கால மூடுங்க" என்றேன்.

"சரியான வெவசாயிதானுங்க நீங்க. ஏறுங்க, போலாமுங்க. வாசம் பழகிரும். என் கல்யாணத்துக்கே இந்த வாசத்தோடதான் போனேன்."

துறையூர் தாண்டியும் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் ஒரு கட்டு சரிந்து ரோட்டில் விழுந்தது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். டிரைவர் பயந்து வண்டியை ஓரம் கட்டினார். "அம்மா, யாரு மேலயோ வண்டி ஏறிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க!" நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். கட்டு அவிழ்ந்து கிடந்தது, ரெண்டு ஆடுகள் முகர்ந்துகொண்டிருந்தன. ஒரு குச்சி விடாமல் பொறுக்கிக் கட்டினேன். டிரைவரும் வந்து கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

திருச்சிக்கு இந்தப் பக்கம் வந்ததும் கண் தானாக வரப்புப் பக்கம் போனது. எங்கள் ஊர் நெருங்க, தரிசும் தைலமரமுமாக இருந்தது. நாலு நாளைக்கு முன் அது எனக்குச் சாதாரணமாகத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு எங்கள் காட்டு முனையில் இறக்கினோம். என் வீட்டுக்காரர் வந்து கட்டுகளை எண்ணினார். "இது ஒரு ஏக்கருக்குக் காணாதே" என்றார். "காணாது" என்றேன். ஒரு குச்சியின் அடியைக் கத்தியால் சீவினேன். பால் வந்தது, குச்சி காயவில்லை. அவர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, மோட்டார் போட்டுவிடப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நட ஆரம்பித்தோம். பத்தரை மணிக்குச் சூளைக்காரர் பொக்லைனோடு வந்தார். இந்த வருடம் மண் எடுக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சூளைக்காரர் கோபித்துக்கொண்டு, வண்டியைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிக்கொண்டு போனார். முக்கால் ஏக்கர் நட்டு முடித்தோம். மிச்சக் கால் ஏக்கரில் எள் விதைத்தோம்.